கோலாலம்பூர்–திருச்சி: வான்வழித் தூரமும் நேரமும்

கேள்வி (சுங்கை சிப்புட்): காலை 9.00 மணிக்குப் புறப்பட்டு 10.30க்குத் திருச்சியில் இறங்குவதாகப் பயணச்சீட்டில் கண்ட என் தாயார், ஒன்றரை மணி நேரப் பயணம்தானே என்று மகிழ்கிறார். உண்மையில் எவ்வளவு நேரமாகும்?

மறுமொழி 1: ஐயா, அவை அந்தந்த ஊர் நேரங்கள். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது என்பதால், பயணம் 4 மணி நேரமாகும். நேர்வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். திரும்பும்போது கடிகாரக் கணக்கு ஆறரை மணியாகத் தெரியும். அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மறுமொழி 2: மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் விமானத்துக்கு 4 மணி நேரம் எதற்கு?

மறுமொழி 3: ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும்போதும், ஏறும்போதும், இறங்கும்போதும் அந்த வேகம் இராது, எதிர்க்காற்றும் சில நிமிடங்களைத் தின்னும். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையமான கேஎல்ஐஏவுக்கான ஏறத்தாழ 300 கிலோமீட்டர் சாலைப் பயணத்தையும் மறவாதீர்கள். நெரிசலென்றால் அதுவே இன்னொரு திருச்சிப் பயணம்!