மணிவிழா ஏற்பாடு (பெரியப்பா இல்லாத குழு)

மாலதி அத்தை: அலங்காரக்காரர் சுழலும் மேடைக்குத் தனியாக நாற்பதாயிரம் கேட்கிறார். அண்ணன் காதில் விழுந்தால் விழாவே வேண்டாம் என்பார்.

குமரன்: நான் செய்து தருகிறேன் அத்தை.

சண்முகம் சித்தப்பா: கவிதா கல்யாணத்துப் பன்னீர் இயந்திரம் போலவா?

கவிதா: புரோகிதர் இன்னும் மறக்கவில்லை 😂

குமரன்: அது வேறு. இதற்குக் கணக்குப் போட்டுவிட்டேன். எட்டடி வட்டம். பலகை, சட்டம், நாற்காலி, பெரியப்பா, பெரியம்மா எல்லாம் சேர்த்து 300 கிலோ. நிமிடத்துக்கு ஒரு சுற்று. நான்கு நொடியில் அந்த வேகத்தை எட்ட 6 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். உராய்வுதான் பெரும்பாடு. அடிச்சக்கரங்கள் மையத்திலிருந்து ஒரு மீட்டரில். உருளும் உராய்வு 0.03 என்று வைத்தால் 90 ஆகிறது. மண்டபத் தரை மேடுபள்ளம், அதனால் இருமடங்காக 180.

பெரியம்மா: நான் ஏற மாட்டேன். தலை சுற்றும்.

சண்முகம் சித்தப்பா: சுருக்கமாக, தம்பி.

குமரன்: கால் குதிரைத்திறன் மோட்டார், நிமிடத்துக்கு 1440 சுற்று. வேகத்தை அறுபதில் ஒரு பங்காகக் குறைக்கும் வார்ம் கியர் பெட்டி (திருகுப் பல்சக்கரம்) போட்டால் 24 சுற்று. அதன் தண்டில் நாலங்குல ரப்பர் சக்கரம், மேடை விளிம்பை உரசி ஓட்டும். விளிம்பின் விட்டம் 96 அங்குலம், ஆக இன்னும் 24 பங்கு குறைந்து சரியாக ஒரு சுற்று. ரப்பர் சக்கரத்துக்கு ஏழரை நியூட்டன் மீட்டர்தான் தேவை. கியர் பெட்டி பாதியை விழுங்கினாலும் 37 கிடைக்கும்.

செல்வி சித்தி: மோட்டாருக்கு எங்கே போவாய்?

குமரன்: அப்பத்தாவின் கிரைண்டரில் இருக்கிறதே.

செல்வி சித்தி: அந்தக் கிரைண்டர் யாரைக் கேட்டு உங்கள் வீட்டுக்கு வந்தது?

மாலதி அத்தை: செல்வி, இப்போது வேண்டாம்.

கவிதா: பந்தியில் சந்தகை உண்டா?

சண்முகம் சித்தப்பா: தேங்காய்ப் பாலோடு.

மாலதி அத்தை: குடும்பப் படத்துக்கு எல்லோரும் மேடையில் ஏறுவோம் அல்லவா?

குமரன்: ஆறு பேர் கூடுதலாக ஏறினாலே 700 கிலோ. மோட்டார் தாங்கும், ரப்பர் வழுக்கும். 300 கிலோவுக்கே ஸ்பிரிங் போட்டு 25 கிலோ அழுத்தம் தர வேண்டும். 700க்கு 60 ஆகும். அவ்வளவு இறுக்க மாட்டேன். சேலை சிக்கினால் சக்கரம் வழுக்கத்தான் வேண்டும்.

செல்வி சித்தி: சேலை சிக்குமா??

குமரன்: விளிம்பைச் சுற்றித் தகரம் அடித்து மூடிவிடுவேன் சித்தி.

பெரியம்மா: நான் ஏறுவதில்லை என்று சொன்னேனே.

மாலதி அத்தை: அரைச் சுற்று மட்டும் அண்ணி.

குமரன்: அரைச் சுற்று போய்த் திரும்ப வேண்டுமானால் எதிர்த்திசை சுவிட்சும் வேண்டும். மோட்டார் முழுக்க நின்ற பிறகுதான் அதைத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால்

சண்முகம் சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை அரிசி மூட்டைகளை ஏற்றி ஓட்டிக் காட்டு. பிறகு பேசலாம்.

செல்வி சித்தி: ஞாயிறு நானும் வருகிறேன். கிரைண்டரை எடுத்துக்கொண்டு போக.

கவிதா: அலங்காரக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?

மாலதி அத்தை: முன்பணம் கொடுத்துவிட்டேன் கண்ணு.