எஸ்ரி-லிங்க் முதல் தடவை இணைந்தது, இப்போது போட்டைக் காணவில்லை என்கிறது

செம்மண் (உரும்பிராய்):
மண்ணின் ஈரத்தைப் பார்த்து, அப்பாவின் வெங்காயத் தோட்டத்துக் கிணற்று மோட்டரைத் தானாக இயக்கி நிறுத்தும் கருவி ஒன்று செய்கிறேன். எஸ்ரிஎம்32எஃப்103 சில்லு உள்ள புளூ பில் என்ற சிறு மின்சுற்றுப் போட். கொழும்பிலிருந்து வரவழைத்த நகல் எஸ்ரி-லிங்க் வி2 (கணினியிலிருந்து சில்லுக்கு நிரல் ஏற்றும் கருவி) மூலம் நிரல் ஏற்றுகிறேன். நிரலின் அடிப்படையை எழுதித் தரும் கியூப்எம்எக்ஸ் மென்பொருளில் உருவாக்கிய முதல் நிரல் ஏறியது. போட்டில் பிசி13 என்ற காலில் உள்ள விளக்குச் சிமிட்டுகிறது. அதற்குப் பிறகு எதுவும் ஏறவில்லை. இலக்கு, அதாவது சில்லு, கிடைக்கவில்லை என்கிறது கணினி. மீற்றரில் 3.3 வோல்ட் இருக்கிறது. போட் எரிந்துவிட்டதா?

கொக்குவில்காரன்:
வயரைப் பாருங்கள். நகல் எஸ்ரி-லிங்குகளில் இணைப்புக் கால்களின் வரிசை ஆளுக்கொரு விதம். இணையப் படத்தை நம்பாமல் உறையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து இணையுங்கள். அதுவும் சரியென்றால் புதுப் போட் வாங்கிவிடுங்கள், மலிவுதானே.

பழைய றேடியோ (சுன்னாகம்):
பிள்ளை, வாங்காதீர்கள். சிமிட்டிக்கொண்டிருக்கும் போட் எப்படி எரிந்த போட் ஆகும்? காரணம் தேடாமல் பொருளை மாற்றச் சொல்லும் வைத்தியம், நான் றேடியோ திருத்திய காலத்திலிருந்தே எனக்கு ஒத்துவராது. முதல் தடவை நிரல் ஏறியதே, வயரில் பிழையில்லை என்பதற்குச் சாட்சி.

எஸ்ரி-லிங்க் சில்லுடன் பேசுவது பிஏ13, பிஏ14 என்ற இரண்டு கால்கள் வழியாக. கியூப்எம்எக்ஸில் சிஸ் பகுதியில் டிபக் (பிழை தேடும் இணைப்பு) என்பதைத் தெரிவு செய்யாமல் விட்டால், அது எழுதித் தரும் நிரல் தொடங்கியவுடனேயே அந்த வாசலை மூடிவிடும். உங்கள் நிரல் ஒழுங்காக ஓடுகிறது. ஓடுவதால்தான் கதவு திறக்கவில்லை.

எனவே அதை ஓடவிடாமல் இணைக்க வேண்டும். போட்டில் பூட்0, பூட்1 என்று இரண்டு ஜம்பர்கள் உண்டு, சில்லு எந்த நிரலில் தொடங்குவது என்று சொல்லும் சிறு செருகிகள். பூட்0 ஜம்பரை 1 பக்கம் மாற்றுங்கள், பூட்1 0-இலேயே இருக்கட்டும். றீசெற் பொத்தானை அழுத்தி விடுங்கள். இப்போது சில்லு உங்கள் நிரலை விட்டுத் தன் உள் பூட்லோடரில் (சில்லுக்குள்ளேயே இருக்கும் தொடக்க நிரல்) நிற்கும். நிரல் ஏற்றும் மென்பொருளான கியூப்புரோகிராமரில் இணைத்து, சில்லில் ஏற்றிய முழுவதையும் அழியுங்கள். பிறகு ஜம்பரைப் பழைய இடத்தில் வைத்து, கியூப்எம்எக்ஸின் டிபக்கில் சீரியல் வயர் (அந்த இரண்டு கால் இணைப்பு) என்று தெரிவுசெய்து நிரலை மீண்டும் உருவாக்குங்கள். இதைச் செய்யாமல் பழையதையே ஏற்றினால் பழைய கதைதான்.

செம்மண்:
அண்ணை, இணைந்துவிட்டது. புதிய நிரலும் ஏறிவிட்டது, அடுத்தடுத்து ஏற்றியும் பார்த்தேன். நன்றி. தம்பியின் போட்டில் மட்டும், ஓப்பன்ஓசிடி என்ற நிரலேற்றும் மென்பொருள், சில்லின் அடையாள எண் பொருந்தவில்லை என்கிறது. 1-இல் தொடங்கும் எண்ணை எதிர்பார்த்ததாம், 2-இல் தொடங்குவது வந்ததாம்.

பழைய றேடியோ:
அது அசல் எஸ்ரி சில்லு இல்லை, நகல். ஓப்பன்ஓசிடியில் இலக்குக் கோப்பை (சில்லின் விவரம் உள்ள கோப்பு) அழைக்கும் முன்பே, எதிர்பார்க்கும் அடையாள எண்ணான சிபியுரிஏபிஐடியின் மதிப்பாக, வந்த எண்ணையே கொடுங்கள், இணையும். அதில் தோட்ட வேலையை நம்பி ஒப்படைப்பது தம்பியின் துணிவு.

இன்னொன்று. நிரல் ஏற்றும்போது ரிலேயில் (மோட்டரை இயக்கி நிறுத்தும் மின்சுவிட்ச்) 230 வோல்ட் லைன் இருக்கக்கூடாது. மோட்டர் வயரைக் கழற்றிவிட்டுத்தான் எஸ்ரி-லிங்கைச் செருகுங்கள்.