எட்வின் காலின்ஸ்: ஆரஞ்சு ஜூஸ் காலமா, தனியாகப் பாடிய காலமா?

பழையதட்டு:
ஸ்காட்லாந்துப் பாடகர் எட்வின் காலின்ஸின் உச்சம், அவர் பாடிய ஆரஞ்சு ஜூஸ் இசைக்குழுவின் ஆரம்ப காலம்தான். கிளாஸ்கோவின் போஸ்ட்கார்டு நிறுவனம் 1980, 81இல் வெளியிட்ட அந்த நான்கு சிங்கிள்களை, அதாவது ஓரிரு பாட்டு மட்டும் கொண்ட தட்டுகளை, கேளுங்கள். வாசிப்பு தடுமாறும், குரல் சுருதியை விட்டு நழுவும். ஆனாலும் பங்க் குழுக்கள் ஆவேசமாகக் கத்திக்கொண்டிருந்தபோது கூச்சத்தையும் ஒருதலைக் காதலையும் துணிந்து பாடியவர்கள் இவர்கள். பாலிடார் நிறுவனத்துக்குப் போய் 1982இல் முதல் ஆல்பம் போட்டபோதே அந்தப் பச்சை வாசனை போய்விட்டது.

சுருதிபேதம்:
தடுமாற்றத்தையே கலையாக்கிவிட்டீர்களே! 'ரிப் இட் அப்' எங்கே போயிற்று? ஜிம்பாப்வேயில் பிறந்த ஸீக் மன்யிகா டிரம்ஸுக்கு வந்த பிறகு உருவான பாட்டு அது. ரோலண்ட் டிபி-303 என்ற மின்னணுக் கருவியில் பேஸ் போட்டு, 1983இல் பிரிட்டிஷ் பட்டியலில் 8ஆம் இடம் பிடித்தது. ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசைக்காரர்கள் அந்தக் கருவியைக் கையில் எடுத்ததே அதற்குப் பிறகுதான்.

பழையதட்டு:
அதே நேரத்தில் குழுவின் கிட்டார்காரர் ஜேம்ஸ் கிர்க் வெளியே போனதையும் சொல்லுங்கள். 'ஃபெலிசிட்டி' பாட்டு அவர் எழுதியது. குழுவுக்குள் எட்வினுக்கு ஈடுகொடுத்து எழுத ஒருவர் இருந்தார், அப்புறம் இல்லை. எனக்கு அந்த இழப்பு கடைசிவரை கேட்கிறது.

இரவுவண்டி:
குழு 1985இல் கலைந்தது. அதற்குப் பிறகான பத்து வருடத்தை இரண்டு பேரும் தாண்டிப் போகிறீர்கள். பெரிய நிறுவனத்தின் ஆதரவு இல்லை. சொந்த ஸ்டுடியோ அமைத்து 'கார்ஜியஸ் ஜார்ஜ்' ஆல்பத்தைப் பதிவு செய்தார். அதில்தான் 'எ கேர்ள் லைக் யூ'. அதில் வைப்ரஃபோன் என்ற தாளவாத்தியத்தை வாசித்தவர் செக்ஸ் பிஸ்டல்ஸ் பங்க் குழுவின் டிரம்மர் பால் குக். பிரிட்டனில் 4ஆம் இடம், அமெரிக்காவிலும் முதல் நாற்பதுக்குள். ஆரஞ்சு ஜூஸ் என்ற பெயரே தெரியாதவர்கள்கூட அந்தக் கிட்டாரை அடையாளம் சொல்வார்கள்.

பழையதட்டு:
ஹிட் பாட்டு வேறு, உச்சம் வேறு. 2005இல் மூளையில் ரத்தக்கசிவு வந்த பிறகு வெளியான ஆல்பங்களுக்குக் கிடைத்த பாராட்டும் பாதி இரக்கம்தான்.

சுருதிபேதம்:
இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பேச்சு போய், விரல்விட்டு எண்ணக்கூடிய சில சொற்கள்தான் முதலில் மிஞ்சின. வலது கையால் கிட்டார் மீட்டவும் முடியவில்லை. 2007இல் வந்த 'ஹோம் அகெய்ன்' நோய்க்கு முன்பே பதிவானது. அதையும் 2010இல் வந்த 'லூசிங் ஸ்லீப்' ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முன்பெல்லாம் மனதில் உள்ளதைக் குறும்புக்கும் சொல் சாமர்த்தியத்துக்கும் பின்னால் ஒளித்துவைப்பார். பின்னதில் ஒளிய இடமே இல்லை. தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது என்றால் அப்படியே சொல்கிறார். ஜானி மார், அலெக்ஸ் கப்ரனோஸ், ராடி ஃப்ரேம் போன்ற பெயர்பெற்ற இசைக்கலைஞர்கள் அதில் சேர்ந்தது அந்தப் பாட்டுகளுக்காகத்தான் என்று நம்புகிறேன்.

இரவுவண்டி:
அதோடு முடியவும் இல்லை. ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் ஹெல்ம்ஸ்டேல் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்து, அங்கேயும் ஸ்டுடியோ கட்டி, 2019இல் 'பேட்பே' வெளியிட்டார். இரக்கத்தை நம்பி ஒருவர் இத்தனை வருடம் ஆல்பம் போட முடியாது.

பழையதட்டு:
அவருடைய உறுதியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒரே ஒரு தட்டை வைத்துக்கொள்ளலாம் என்றால் 'ஃபாலிங் அண்ட் லாஃபிங்' சிங்கிளைத்தான் எடுப்பேன்.

சுருதிபேதம்:
சரி, நான் 'லூசிங் ஸ்லீப்' எடுக்கிறேன். அதைப் பாடியவருக்கு 1980இன் அந்தப் பையனைவிடச் சொல்வதற்கு அதிகம் இருந்தது.