மறுசுழற்சி வேண்டாம், ‘திரும்புடை’ எப்படி?

> நார்வே ராணுவம் பற்றிய செய்தி ஒன்றைத் தமிழாக்குகிறேன். அங்கே கட்டாய ராணுவச் சேவை முடித்துப் போகிறவர்கள் ஒப்படைக்கும் துணிகளை அடுத்த பேட்சுக்குக் கொடுப்பதை ‘உடை மறுசுழற்சி’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

சரியில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. மறுசுழற்சி என்றால் பொருளின் உருவம் அழிந்து வேறொன்றாக வரவேண்டும். பானிப்பட்டில் பழைய கம்பளித் துணியைக் கிழித்துப் பஞ்சாக்கி, நூலாகத் திரித்துப் போர்வை நெய்கிறார்களே, அது மறுசுழற்சி. உங்கள் நார்வே செய்தியில் சட்டை சட்டையாகவேதான் இருக்கிறது. துவைத்து, கிழிசல் இருக்கிறதா என்று பார்த்து, அடுத்து வருகிற பையனுக்கோ பெண்ணுக்கோ (அங்கே 2015 முதல் பெண்களுக்கும் கட்டாயச் சேவை) கொடுக்கிறார்கள்.

இந்தக் குழப்பம் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைத்த நம் நாட்டுத் தணிக்கை அறிக்கையில், 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை பனிமலைப் படையினருக்குப் புது பூட்ஸ் போய்ச் சேராததால் இருந்ததையே ‘ரீசைக்கிள்’ செய்தார்கள் என்று எழுதியிருந்தது. யாரும் பூட்ஸை உருக்கி வார்க்கவில்லை. ஒருத்தர் கழற்றியதை இன்னொருத்தர் மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

‘மறுவழங்கல்’, ‘மீள்வழங்குடை’ என்று முந்தைய மடல்களில் வந்தவையும் எனக்கு ஒட்டவில்லை. எதற்கெடுத்தாலும் மறு, மீள் என்று முன்னால் ஒட்டி ஒட்டி, இப்போது எது எதற்கு என்றே தெரியாமல் போச்சு.

முதலில் நான் நினைத்தது ‘இரவல் உடை’. நல்ல புழக்கத்தில் இருக்கிற சொல், பழமொழியே இருக்கிறது, இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்று. ஆனால் நான் இருப்பது வேலூர் மாவட்டம் கணியம்பாடிப் பக்கம், கம்மவான்பேட்டை பக்கத்திலேயே. வீட்டுக்கு ஒரு மிலிட்டரிக்காரர் என்று அந்த ஊரை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். இங்கே இருந்துகொண்டு விசாரிக்காமல் சொல் கட்டுவது தப்பு என்று தெருவில் ஓய்வுபெற்ற ஹவில்தார் மாமாவிடம் கேட்டேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

“எரவலா? யார்கிட்டடா எரவல் கேட்டோம்? அது சர்க்கார் துணி. கையெழுத்துப் போட்டு வாங்கினோம், கையெழுத்துப் போட்டுக் குடுத்தோம்.”

அப்புறம் டீ வந்தது, கோபம் போனது. லே பக்கம் இருந்தபோது தனக்குக் கொடுத்த பார்க்கா என்ற குளிர்க் கோட்டைப் பற்றிச் சொன்னார். உள்பக்கம், காலருக்குக் கீழே மையால் எழுதிய நம்பர் ஒன்று, அதன் மேல் ஒரு கோடு. அதன் கீழே இன்னொரு நம்பர், அதற்கும் கோடு. மூன்றாவதாகத் தன் நம்பரை எழுதிக்கொண்டாராம். மலையை விட்டு இறங்கும்போது தன் நம்பர் மேலும் கோடு போட்டு ஸ்டோரில் கொடுத்துவிட்டு வந்தாராம். அப்படி ஒருத்தர் போட்ட துணிக்கு அவர்கள் சொல்வது ‘பார்ட் வோர்ன்’.

கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளம்பியதற்கு ஒரு காரணமே தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகைதான். சிப்பாய் உடுப்புக்குப் பேர் வைக்கிறவன் கொஞ்சம் பார்த்துத்தான் வைக்கவேண்டும்.

நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வருஷக்கணக்கில் கேட் பாஸ் எழுதியவன். அங்கே இரண்டே ரகம்தான், ரிட்டர்னபிள், நான்-ரிட்டர்னபிள். வெளியே போகிற பொருள் திரும்பி வருமா வராதா என்பதுதான் கேள்வி, புதுசா பழசா என்பதல்ல. ராணுவக் கிடங்கும் அப்படித்தான் பார்க்கிறது. அதனால் திரும்பி வரவேண்டிய துணி ‘திரும்புடை’, கட்டிக் கிழித்துத் தீர்க்கிற துணி ‘திரும்பாவுடை’. திரும்புடை வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி. திரும்பிய உடை, திரும்புகிற உடை, திரும்பும் உடை, மூன்றும் அதிலேயே அடக்கம். மாமாவின் கோட்டுக்கு அந்த மூன்று காலமும் பொருந்துகிறது பாருங்கள்.

இதை வைத்துக்கொண்டால் உங்கள் செய்தியும் ஒரே வரியில் புரிந்துவிடும். ஜட்டி, பிரா, சாக்ஸ் எல்லாம் நார்வேயில் முன்பு திரும்பாவுடை, சேவை முடிந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வருஷத்துக்குச் சுமார் 8,000 பேர் வருகிற இடத்தில், கொரோனாவால் சரக்கு வரத்து தட்டுப்பட, 2022 ஜனவரியில் அதையும் திரும்புடை ஆக்கிவிட்டார்கள். உலகமே சிரித்தது அதற்குத்தான்.

கட்டாயச் சேவைக்கு வருகிறவரைக் ‘கட்டாயப் படைச்சேர்ப்பாளர்’ என்பது நீளம். சிங்கப்பூர்த் தமிழர்கள் ‘தேசிய சேவையாளர்’ என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அங்கே 1967 முதல் இது வீட்டு விஷயம். அதையே எடுத்துக்கொள்ளலாமே.

———

> ஆம்பூரிலிருந்து எழுதுகிறேன், ஷூ கம்பெனியில் வேலை. உடை என்றால் பூட்ஸ் அதில் வராதே ஐயா. தவிர, பூட்ஸ் போட்டவன் கால் வாகுக்குத் தோல் படிந்துவிடும். உள்ளட்டையை மாற்றினாலும் அடுத்தவனுக்குக் கடிக்கும். துணியையும் அதையும் ஒரே சொல்லில் கட்டாதீர்கள்.

———

நியாயம், ஒப்புக்கொள்கிறேன். பொதுவாகச் சொல்ல ‘திரும்புபொருள்’ இருக்கட்டும், பூட்ஸுக்குத் தனியாக நீங்களே ஒன்று சொல்லுங்கள், கடிபட்டவர்கள் யாராவது சொன்னாலும் சரி.

நேற்றுச் சாயங்காலம் மாமாவிடம் திரும்புடையைச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தரம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துவிட்டு, “பரவால்ல” என்றார். கிழிந்துபோய் இனி யாருக்கும் ஆகாது என்று ஸ்டோரில் ஒதுக்கிவிட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

“கண்டம் பண்ணிட்டாங்கன்னு சொல்வோம். அதுல நீ கை வைக்காத.”