அக்காவின் மரபணு அறிக்கை: உங்கள் வீட்டிலும் இப்படி நடந்ததா?

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

என் அக்கா அறுபதைத் தாண்டியவர். பால்மரத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். நோய் நொடி என்று படுத்ததில்லை. கோலாலம்பூரில் இருக்கும் மகள் ஆசையாக ஒரு மரபணுப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தாள். குழாயில் எச்சில் துப்பி அனுப்பினார்கள். அப்போ-ஈ மரபணுவில் ஈ4 வகை ஒன்று இருப்பதாக அறிக்கை வந்தது. அல்சைமர் என்ற மறதிநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று கீழே ஒரு வரி. விளக்கிச் சொல்ல ஆள் யாரும் இல்லை.

அன்றிலிருந்து அக்காவின் நடப்பே மாறிவிட்டது. கடைக்குப் போய் சீரகம் வாங்காமல் வந்தால், பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார். “ஆரம்பிச்சிருச்சு பாரும்மா” என்பார். சீரகத்தை நானும்தான் மறக்கிறேன். ஆனால் எனக்கு அது வெறும் மறதி, அவருக்கு அது நோயின் முதல் படி. கோவிலில் திருவாசகம் பாடும்போது நடுவில் ஒரு வரி தடுமாறியது. அடுத்த வாரம் பாடவே வரவில்லை.

மனசு கேட்காமல் தேடிப் படித்தேன். அப்போ-ஈ என்பது உடம்பில் கொழுப்பைச் சுமந்து செல்லும் ஒரு புரதத்துக்கான மரபணு. ஈ2, ஈ3, ஈ4 என்று மூன்று வகை. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஈ4-க்கும் அல்சைமருக்கும் உள்ள தொடர்பு 1993-இல் தெரியவந்தது. ஒரு ஈ4 இருந்தால் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும் என்கிறார்கள். ஆனால் ஈ4 இருந்தும் கடைசிவரை தெளிவாக வாழ்ந்தவர்கள் நிறைய. ஈ4 இல்லாமலே நோய் வந்தவர்களும் நிறைய. அறிக்கையில் இதையும் எழுதியிருக்க வேண்டாமா?

என்னை உலுக்கியது வேறொன்று. 2014-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. நோயில்லாத முதியவர்களில், தனக்கு ஈ4 இருப்பதைத் தெரிந்துகொண்டவர்கள் தங்கள் ஞாபகசக்தி மோசம் என்று சொன்னார்கள். நினைவுத் தேர்விலும், ஈ4 இருந்தும் அது தெரியாதவர்களைவிடக் குறைவாகவே செய்தார்கள். மரபணு ஒன்றே, தெரிந்ததும் தெரியாததும்தான் வித்தியாசம். படித்தபோது அக்கா கண்முன் வந்து நின்றார். ஆரோக்கியமாக இருப்பவர் கையில் இப்படி ஒரு தாளைக் கொடுப்பதற்கு முன்னால், பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

இன்னொன்று, அது அக்காவின் அறிக்கை மட்டுமல்ல. கூடப்பிறந்த எனக்கும் அந்த ஈ4 இருக்க ஏறக்குறைய பாதி வாய்ப்பு. எங்கள் தம்பி, “எனக்குத் தெரியவே வேண்டாம் அக்கா” என்று சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007-இல் தன் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டபோது, இந்த அப்போ-ஈ ஒன்றை மட்டும் மறைக்கச் சொன்னார்.

மருந்தகத்தில் வேலை செய்பவர், கோலகங்சார்

சகோதரி, என்னிடமும் “ஞாபகசக்தி ஜீன் டெஸ்ட் இருக்கா” என்று கேட்டு வருகிறார்கள். பிடிஎன்எஃப், கிப்ரா என்று சில மரபணுக்களை ஆராய்ந்திருக்கிறார்கள். கிப்ராவில் ஒரு வகை உள்ளவர்கள் சொற்களை நன்றாக நினைவில் வைத்ததாக 2006-இல் ஆய்வு வந்தது. ஆனால் அதெல்லாம் கூட்டத்தின் சராசரியில் தெரியும் சின்ன வித்தியாசம். ஒரு தனி ஆளைப் பார்த்து, உங்கள் ஞாபகம் இப்படித்தான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

நம்மவர்களிடம் நான் கேட்பது இதுதான்: சுகர் எவ்வளவு? மலேசியாவின் 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் நீரிழிவு உள்ள பெரியவர்கள் மொத்தத்தில் 18.3 விழுக்காடு, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. சுகரும் ரத்த அழுத்தமும் மூளையின் ரத்தக்குழாயைக் கெடுக்கும். ஜீனுக்குப் பணம் கட்டுகிறவர் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறார், அதுதான் வேதனை.

எண்ணெய் மில் தொழிலாளியின் மகன், சுங்கை சிப்புட்

அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். சொன்னது எதுவும் மனதில் நிற்காது. காது பரிசோதனை செய்த பிறகுதான், சொன்னது அவருக்குக் கேட்கவே இல்லை என்று புரிந்தது. காலமெல்லாம் மில் இரைச்சலில் நின்றவர். காது மெஷின் போட்ட பிறகு பேரப்பிள்ளைகளோடு பேசுகிறார், கேட்டதை மறுநாளும் சொல்கிறார்.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

தம்பி, நல்ல வேளை சொன்னீர்கள். 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு கணக்கிட்டதில், மனிதர் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் 45 விழுக்காடு வரையான மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும். கேட்கும் திறன் குறைவதும், கெட்ட கொழுப்பும், தனிமையும் அதில் இருக்கின்றன. பின்லாந்தில் 60 முதல் 77 வயதுள்ள 1,260 பேரை எடுத்து, அதில் பாதிப்பேரிடம் இரண்டு ஆண்டுகள் உணவு, உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, ரத்த அழுத்தக் கவனிப்பு என்று சேர்த்துச் செய்து பார்த்தார்கள். ஈ4 உள்ளவர்களுக்கும் பலன் இருந்தது.

அக்காவுக்கு இதைத்தான் உட்காரவைத்துச் சொன்னேன். கெட்ட கொழுப்பு கூடுதலாக இருந்தது, அதற்கு மாத்திரை தொடங்கியாச்சு. காலையில் என்னோடு நடக்க வருகிறார். திருவாசகம் பாட இன்னும் தயங்குகிறார். அறிக்கை வந்த பிறகு உங்கள் வீட்டுப் பெரியவர்களைத் தேற்றியவர்கள் யாராவது இருந்தால், என்ன சொல்லித் தேற்றினீர்கள் என்று எழுதுங்கள்.