தண்ணீரைக் குளிராக்கும் சில்லர் நின்று தொட்டி 33.5 பாகைக்குப் போய்விட்டது, முருகைகளை (பவள உயிர்களை) காப்பாற்றலாமா?

கிளிநொச்சிக் கடல்தொட்டி:
வணக்கம். 200 லீற்றர் கடல்நீர்த் தொட்டி, மூன்று வருடமாக ஓடுகிறது. லெதர் இரண்டு, சோவாந்தஸ் ஒரு கூட்டம், மஷ்ரூம் ஏழெட்டு, கொஞ்சம் சீனியா. எல்லாமே கல் எலும்புக்கூடு இல்லாத மென்மையான முருகை வகைகள், தொட்டியில் வளர்த்துப் பிரித்துக் கொடுப்பவரிடம் வாங்கியவை. வெள்ளிக்கிழமை முல்லைத்தீவுக்குக் கலியாணவீட்டுக்குப் போய் ஞாயிறு மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் 33.5 பாகை. இடையில் கரண்ட் போய் வந்திருக்கிறது, சில்லர் மட்டும் திரும்ப எடுக்கவில்லை. ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக நல்லதண்ணீர் விடும் சின்ன மோட்டரும் நின்றுவிட்டது, ஃபான் மட்டும் ஓடியிருக்கிறது, சோளகக் காற்று வேறு. 1.026 ஆக இருந்த உப்பு அளவு (நீரின் ஒப்படர்த்தி) 1.028.

பதட்டத்தில் ஐஸ் போத்தல்களைப் போட்டு ஒன்றரை மணித்தியாலத்தில் 29க்கு இறக்கிவிட்டேன். இப்போது லெதர் சுருங்கி மேலே மெழுகு மாதிரி ஒரு படலம், சோவாந்தஸ் எல்லாம் மூடிக் கிடக்கிறது, மஷ்ரூம் வெளுத்துவிட்டது, சீனியா கரைகிறது. பாதித் தண்ணீரை மாற்றவா? நிறம் திரும்ப லைட்டைக் கூட்டவா? இந்தத் தொட்டி எனக்குப் பெரிய விசயம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வவுனியா அண்ணன்:
தம்பி, இரண்டையும் செய்யாதீர்கள். சூடு முதல் அடி, ஐஸ் இரண்டாவது அடி. பாதித் தண்ணீரை மாற்றினால் அது மூன்றாவது. நின்ற நிலையில் நிறுத்துங்கள். 29இல் இருந்து 26க்கு நாளை மறுநாள் வந்தால் போதும்.

உப்பையும் அப்படித்தான். 1.028 என்றால் உங்கள் தொட்டியில் கிட்டத்தட்ட 14 லீற்றர் ஆவியாகியிருக்கும். ஒரேயடியாக ஊற்றாமல் நாலைந்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒன்றரை லீற்றர் நல்லதண்ணீர் விடுங்கள், இரண்டு நாளில் சரிவரும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நமது பக்கத்துத் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர், உங்களுக்குத் தெரியும். ஆர்ஓ (உப்பை வடித்தெடுக்கும்) நிலையத் தண்ணீர் பரவாயில்லை, ஆனால் அது குடிப்பதற்குச் செய்தது, கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீற்றரால் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். எங்கள் ஊர் நிலையத்தில் 40 காட்டுகிறது, அவசரத்துக்கு ஆகும், பழக்கமாக்க வேண்டாம்.

கரைகிற சீனியாவை இன்றே சைஃபனால் உறிஞ்சி எடுங்கள். அது அழுகினால் அமோனியா ஏறும், மிச்சத்தையும் கொண்டுபோய்விடும். செத்த நத்தை கல்லுக்குள் கிடக்கிறதா என்று மணந்து பாருங்கள். அமோனியாவைச் சோதித்து ஏதாவது காட்டினால் மட்டும் 10 வீதம் தண்ணீரை மாற்றுங்கள், புதுத் தண்ணீரின் சூடும் உப்பும் தொட்டியில் அன்று என்ன இருக்கிறதோ அதற்குச் சமமாக. நஞ்சை உறிஞ்சும் வடிகரி, அதாவது புது காபனும் போடுங்கள். அடிபட்ட லெதரும் சோவாந்தஸும் தண்ணீருக்குள் நஞ்சு விடும், காபன் அதை எடுக்கும்.

மன்னார் அக்கா:
லைட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். முருகையின் நிறத்தில் பெரும்பங்கு அதன் சதைக்குள் வாழும் நுண்பாசியால் வருவது. வெளிச்சத்தில் உணவு செய்து முருகைக்குக் கொடுப்பதும் அந்தப் பாசிதான். சூடு கூடும்போது அதன் வேலை பிழைத்து, ஊட்டத்துக்குப் பதிலாக உயிர்க்கலத்தைச் சுடும் ஒட்சிசன் வகைகள் வெளிவர, முருகை பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. வெளிச்சம் கூடக்கூட அந்தச் சேதமும் கூடும். ஆகவே லைட்டை 30 வீதத்துக்குக் குறையுங்கள், நேரத்தையும் ஆறு மணித்தியாலமாக்குங்கள். பிறகு வாரம் 10 வீதம் கூட்டிக்கொண்டு போகலாம். 1998இல் எல்நினோவால் கடல் சூடேறியபோது கல்பிட்டிக்கு அப்பால் உள்ள பார் றீஃப் என்ற முருகைப் பாறையிலும் ஹிக்கடுவையிலும் ஆழமில்லாத இடத்து முருகைகள் வெளுத்து ஏராளமாகச் செத்தன. கடலில் யாரும் நிழல் போட முடியாது. உங்களால் முடியும் தம்பி.

வெளுத்தது என்றால் செத்தது என்று அர்த்தமில்லை. மஷ்ரூம் வெள்ளையாக இருந்தாலும் கல்லைப் பிடித்துக்கொண்டு, சதை இறுக்கமாக இருந்தால் உயிர் இருக்கிறது, பசியோடு இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் போடாதீர்கள். பிறகு மிக நுண்ணிய உணவு, வாரத்துக்கு இரண்டு தடவை, கொஞ்சமாக. நைத்திரேற்றைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோக வேண்டாம், லீற்றருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்கட்டும், பாசி திரும்பிப் பெருக அதுவும் வேண்டும்.

லெதரில் உள்ள மெழுகுப் படலம் அது தானே உரிப்பது, நோய் இல்லை. அந்தப் பக்கம் நீரோட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் கழன்று போகும், கையால் உரிக்காதீர்கள். சோவாந்தஸைத் தொடுவதென்றால் கட்டாயம் கையுறையும் கண்ணாடியும். அதில் பாலிடொக்சின் என்ற கடுமையான நஞ்சு இருக்கலாம். கல்லைச் சுடுநீரில் போடுவதோ அவிப்பதோ கூடவே கூடாது, அந்த ஆவி வீட்டிலுள்ள எல்லோரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். சிறுபிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம்.

இன்னொன்று. போனவற்றுக்குப் பதிலாகச் சிலாவத்துறைப் பக்கம் கடலில் பிடுங்கித் தருகிறோம் என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள். சட்டப்படி குற்றம், அதைவிட அந்தப் பாறைகள் ஏற்கெனவே பட்டது போதும்.

வவுனியா அண்ணன்:
சில்லர் ஏன் எடுக்கவில்லை என்றும் பாருங்கள். பின்னேரத்தில் வோல்டேஜ் குறையும்போது கொம்பிரசர் முக்கிவிட்டு நின்றுவிடும், எனக்கு அப்படித்தான் நடந்தது, ஸ்டெபிலைசர் போட்ட பிறகு பிரச்சினை இல்லை. பற்றரியில் ஓடும் காற்று மோட்டர் ஒன்றும் வாங்கி வையுங்கள். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, ஓட்டமும் நின்றால் சூட்டை விட வேகமாக மூச்சுமுட்டல் கொல்லும்.

கிளிநொச்சிக் கடல்தொட்டி:
இன்று பதினொராவது நாள். 26.5, உப்பு 1.026. சீனியா முழுவதும் போய்விட்டது. லெதர் ஒன்று படலத்தை உரித்துவிட்டு நேற்றுப் பின்னேரம் முனைகளை வெளியே விட்டது, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மற்றது இன்னும் சாய்ந்தே கிடக்கிறது. சோவாந்தஸில் பாதி திறக்கிறது. மஷ்ரூம் வெள்ளைதான், ஆனால் ஒன்றும் கல்லை விடவில்லை. லைட் இன்னும் 30இலேயே வைத்திருக்கிறேன். அக்கா, அடுத்த கிழமை கூட்டலாமா, இல்லை மஷ்ரூமில் கொஞ்சம் மண்ணிறம் தெரியும் வரை பொறுக்கவா?

மன்னார் அக்கா:
பொறுங்கள் தம்பி. நிறம் தெரியட்டும்.