மறு: வாட்டர் ஹேமர் – நீர்ச்சம்மட்டியா, நீர்முட்டா?

குழுவினருக்கு வணக்கம்.

> குடியிருப்புச் சங்கத்துக்காகப் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். ஃப்ளஷ் டேங்க் நிரம்பி முடிகிற நேரத்தில் சுவருக்குள் 'டொம்' என்று கேட்கும் சத்தத்துக்கு, ஆங்கிலத்தில் 'வாட்டர் ஹேமர்' என்பதற்கு, 'நீர்ச்சம்மட்டி' என்று போடலாமா?

போட்டால், படிக்கிறவர் பிளம்பரின் பையில் அப்படி ஒரு சாமான் இருக்கிறதா என்று தேடுவார். சம்மட்டி ஒரு கருவியின் பெயர். நமக்கு வேண்டியது ஒரு நிகழ்வின் பெயர். ஜெர்மன்காரர்கள் 'நீரடி' என்ற பொருளில் வாஸர்ஷ்லாக் என்கிறார்கள். பிரெஞ்சில் கூ த பெலியே, அதாவது கிடா முட்டுவது. ஆங்கிலம் சுத்தியலைப் பிடித்துக்கொண்டதற்காக நாமும் அதையே பிடிக்க வேண்டுமா?

சொல்லுக்குப் போகும்முன் சத்தத்தைப் பிரித்துவிடுவோம். கழிவறையில் கேட்பதெல்லாம் வாட்டர் ஹேமர் இல்லை. யாரும் ஃப்ளஷ் செய்யாதபோதே டேங்க் அவ்வப்போது 'உஸ்'ஸென்று இரைந்து நிரம்பினால், அடியில் இருக்கும் ரப்பர் மூடி கசிகிறது. டேங்கில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு அரைமணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பையில் நிறம் இறங்கினால் மூடியை மாற்ற வேண்டும். டேங்க் நிரம்பும்போது குழாய் நீளமாக உறுமினால், டேங்க் நிரம்பியதும் தண்ணீரை அடைக்கும் மிதவை வால்வின் வாஷர் தேய்ந்து துடிக்கிறது. கோப்பை 'களக் களக்' என்றால் கோளாறு தண்ணீர் வரும் பக்கத்தில் இல்லை, போகும் பக்கத்தில். பெரும்பாலும் காற்றுப்போக்குக் குழாய் அடைத்திருக்கும். வால்வு மூடும் கணத்தில் வரும் அந்த 'டொம்' மட்டும்தான் நம் விவாதத்துக்கு உரியது.

அது ஏன் வருகிறது? ஓடிக்கொண்டிருக்கிற தண்ணீரின் முகத்தில் கதவை அடைக்கிறோம். முன்னால் இருக்கும் தண்ணீர் நிற்கிறது, பின்னால் வருவது அதன்மேல் மோதி நெருக்குகிறது. அந்த நெருக்கம் அலையாகக் குழாயில் பின்னோக்கி ஓடித் திரும்பி வருகிறது. மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதனை நடத்தி ரஷ்ய அறிவியலாளர் நிக்கோலாய் ஜுகோவ்ஸ்கி 1898-இல் வெளியிட்ட கணக்கு எளிமையானது: தண்ணீரின் அடர்த்தி, குழாயில் அலை ஓடும் வேகம், தண்ணீர் இழந்த வேகம், மூன்றையும் பெருக்கினால் ஏறும் அழுத்தம் கிடைக்கும். இரும்புக் குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர் சட்டென்று நின்றால் 12, 13 பார் (அழுத்தத்தின் அலகு) ஏறும். மொட்டைமாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் அது கொடுப்பது 1 பார்தான், ஒப்பிட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் குழாயில் அலை மெதுவாக ஓடுவதால் இது மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் கிளாம்ப் சரியாகப் போடாத பிளாஸ்டிக் குழாய் அந்த ஒரு பங்குக்கே துள்ளிச் சுவரில் இடிக்கும்.

> மிதவை மெதுவாகத்தானே மூடுகிறது? சட்டென்று எங்கே நிற்கிறது?

நல்ல கேள்வி. 20 மீட்டர் இரும்புக் குழாயில் அலை போய்த் திரும்ப 0.03 விநாடி. அதற்குள் மூடினால்தான் முழு அடியும் விழும். ஒழுங்கான மிதவை வால்வு அப்படி மூடாது. வாஷர் தேய்ந்தால், கடைசி நூலிழை இடைவெளியில் வேகமாகப் பாயும் தண்ணீரே அதை இழுத்து அடைத்துவிடும். போதாததற்கு டேங்கில் எழும் சிற்றலையில் மிதவையும் ஆடும், வால்வு திறந்து திறந்து மூடும். 'டொம்' ஒன்றாக இல்லாமல் நாலைந்தாகக் கேட்டால் சந்தேகமே வேண்டாம். பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் இந்தத் தொல்லை கூடுதல்.

சரி, சொற்கள். குழுவில் இதுவரை வந்த பரிந்துரைகள் நீர்த்தாக்கம், நீரறை, நீரிடி, நீருதை. 'தாக்கம்' இன்று விளைவு என்ற பொருளுக்குப் போய்விட்டது; நீர்த்தாக்கம் என்றால் வெள்ளச் சேதம் பற்றிய கட்டுரை போலத் தெரிகிறது. 'நீரறை'யைப் படிக்கிறவர் தண்ணீர் வைக்கும் அறை என்றுதான் எடுத்துக்கொள்வார், கன்னத்தில் விழும் அறை அவர் நினைவுக்கு வராது. 'நீரிடி' காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் சத்தத்தோடு நின்றுவிடுகிறது. சத்தமே இல்லாமலும் இந்த அழுத்தம் ஏறிக் குழாய் இணைப்பை நெகிழ்த்தும்.

என் ஓட்டு 'நீர்முட்டு'. முட்டு என்ற சொல்லில் மோதுவதும் இருக்கிறது, மேலே வழியில்லாமல் தடைபடுவதும் இருக்கிறது. முட்டுச்சந்து என்றால் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. மதுரைப் பக்கம் கிடா முட்டு பார்த்தவருக்குப் பிரெஞ்சுச் சொல்லும் சேர்ந்தே புரியும். ஆட்டுக்கிடாவின் பேரில் ஒரு கருவியும் உண்டு: 1796-இல் பிரெஞ்சுக்காரர் ஜோசப் மொன்கோல்ஃபியே அமைத்த பம்பு. இதே முட்டழுத்தத்தைக் கொண்டு, மோட்டார் இல்லாமல் ஓடையின் நீரில் ஒரு பகுதியை மேட்டுக்கு ஏற்றுவது. அதற்கும் 'நீர்முட்டுப் பம்பு' என்று பெயர் தானாக வந்துவிடுகிறது.

> முட்டுக்கொடுத்தல் என்றால் தாங்குவது. குழப்பம் வராதா ஐயா? எங்கள் பிளம்பர் 'பைப்பு உதைக்குது' என்றுதான் சொன்னார். நீருதை ஏன் கூடாது?

முட்டுக்கொடுப்பது தனித் தொடர் அம்மா. முன்னால் 'நீர்' நிற்கும்போது அந்தப் பொருள் எட்டிப் பார்க்காது. நீருதைக்கு நான் எதிரி இல்லை. ஆனால் ராக்கெட் பற்றி எழுதுகிறவர்கள் உந்துவிசைக்கு 'உதைப்பு' என்று வைத்திருக்கிறார்கள், இரண்டும் ஒரே பாடத்தில் வந்தால் மாணவர் தவிப்பார். பிளம்பரின் வினைச்சொல்லை அப்படியே விட்டுவிடுவோம். பைப்பு உதைக்கட்டும், அதற்குக் காரணம் நீர்முட்டு என்று எழுதலாம். அவரிடம் சொல்லிப் பாருங்கள். கேட்டதும் தலையாட்டினால் சொல் பிழைக்கும், 'என்னது?' என்றால் நாம் இங்கே ஒரு நூறு மடல் எழுதினாலும் பயனில்லை.

கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன. கூடுதலாக ஏறும் அழுத்தம் முட்டழுத்தம். பின்னோக்கி ஓடும் அலை முட்டலை. அதைத் தணிக்க வால்வின் அருகே பொருத்தும் சிறு உருளைக்கு முட்டுத்தணிப்பான். முன்பு அந்த இடத்தில் முனை மூடிய குழாய்த்துண்டு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துவார்கள். உள்ளே இருக்கும் காற்று நாளடைவில் தண்ணீரில் கரைந்து, துண்டில் நீர் ஏறி, அது வெறும் அலங்காரமாகிவிடும். இப்போது வருபவற்றில் காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே பிஸ்டன் இருக்கிறது.

மிதவை வால்வைக் கையேட்டில் 'பால் வால்வு' (ball valve) என்று எழுதிவிடாதீர்கள். கடையில் அந்தப் பெயரைச் சொன்னால் கால் வட்டத் திருப்பில் மூடும் லீவர் வால்வையும் எடுத்துக் கொடுப்பார்கள். மிதவை வால்வு என்றே இருக்கட்டும். டேங்குக்குப் போகும் தண்ணீரைச் சுவரருகே அடைக்கும் ஆங்கிள் காக்கை ஆங்கிள் காக் என்றே எழுதுங்கள், அதைத் தமிழாக்கினால் வாங்கப் போகிறவர் வெறுங்கையோடு திரும்புவார்.

மறுப்பு வராவிட்டால் கையேட்டில் இப்படிப் போடலாம்:

"டேங்க் நிரம்பி முடியும்போது குழாய் உதைத்தால் அது நீர்முட்டு. முதலில் ஆங்கிள் காக்கைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கவும். சத்தம் குறைந்தால் மிதவை வால்வின் வாஷரை மாற்றி, குழாய்க்குக் கிளாம்ப் போடவும். அப்புறமும் நிற்காவிட்டால் முட்டுத்தணிப்பான் பொருத்தவும்."